மூடுபனிக்கு அசராத டிஷ், மழைக்கு ஏன் படுக்கிறது?

பட்டிப்பொல வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எதிர் லயமே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கினாலும் டிவி பளிச்சென்று ஓடுகிறது. ஐப்பசி மழை கொஞ்சம் அடித்து ஊற்றினால் மட்டும் 'சிக்னல் இல்லை' என்கிறது. கடைக்காரர் பூஸ்டர் போடச் சொல்கிறார். போடலாமா?"

வேண்டாம். காரணம் பிறகு. கேள்வியின் முதல் பாதிதான் ருசியானது.

செய்மதியிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதை 20 மீட்டர் நீள ரயில் பெட்டியாகப் பெருக்கிப் பாருங்கள். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையத்தை வைத்திருக்கும் ஊருக்கு இது சிரமமில்லை. அதே கணக்கில் 3 மில்லிமீட்டர் மழைத்துளி, தண்டவாளத்தில் குறுக்கே நிற்கும் அம்பேவெலப் பசுமாடு. மூடுபனியின் துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பெருக்கினாலும் ஒன்றரை சென்டிமீட்டர் சல்லிக்கல். ரயில் அதைக் கவனிக்காமலே போய்விடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை, இந்தக் கணக்கில் அரை மில்லிமீட்டர்கூட வராத சிற்றெறும்பு. எறும்புக்குச் சல்லிக்கல் மலை. எதிர் லயம் மறைந்தும் டிவி மறையாதது இதனால்தான்.

மாடு சும்மாவும் நிற்பதில்லை. ரயிலில் ஒரு பகுதியைத் தின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது, இன்னொரு பகுதியை முட்டி நாலாபக்கமும் சிதறடிக்கிறது. போதாததற்குத் தானும் கத்துகிறது: மழைநீர் தன் வெப்பத்தால் மெல்லிய ரேடியோ இரைச்சலை உமிழ்கிறது, டிஷ் அதையும் சேர்த்தே வாங்குகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் மழை, ஒரு கிலோமீட்டருக்குள் சிக்னலின் வலுவில் சுமார் நாற்பது வீதத்தை விழுங்கிவிடும். மூடுபனி விழுங்குவது ஒரு வீதம்கூட இல்லை. ஆடி மாதத் தூறலில் நாள் முழுக்க ஓடும் டிவி, ஐப்பசியின் பிற்பகல் இடிமழையில் படுப்பதும் இதே கணக்குத்தான்.

"மலைநாடு என்றாலே டிஷ்ஷுக்கு ஆகாது" என்பார்கள். நம்பாதீர்கள். நம் வானத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு மேலே இருப்பது பெரும்பாலும் பனிக்கட்டித் துகள். அது இந்த அலையை அவ்வளவாகத் தொடாது. கொழும்பின் டிஷ் ஐந்து கிலோமீட்டர் மழையைத் துளைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே 1,900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டிப்பொலவுக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். செய்மதி 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது; வம்பெல்லாம் கடைசி மூன்றில்.

பழங்கதை கொஞ்சம். 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோது, பிதுருதலாகல உச்சிக் கோபுரத்திலிருந்து வந்த படம் சிக்னல் குறைந்தால் மெல்ல மங்கும், எறும்பு ஊரும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. முதல் தலைமுறை டிஜிட்டல் டிஷ் முறையில் 188 பைட் தகவலுக்கு 16 பைட் உபரி சேர்த்து அனுப்புவார்கள். 1960இல் ரீட், சொலமன் என்ற இருவர் வகுத்த கணிதம். எட்டு பைட் பழுதானாலும் ரிசீவர் சத்தமில்லாமல் திருத்திவிடும். ஒன்பதாவது பழுதானால் கைவிரித்துவிடும். ஆகவே படம் சுத்தமாகத் தெரிவதை வைத்து டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அது விளிம்பில் நின்றுகொண்டிருக்கலாம்.

பூஸ்டர் இங்கேதான் தோற்கிறது. சிக்னலைப் பெருக்கும்போது இரைச்சலையும் அதே அளவு பெருக்கும். நீண்ட ஒயருக்கு உதவுமே தவிர மழைக்கு அல்ல. டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் பெட்டியான எல்என்பியின் மேல், அதன் சொந்த இரைச்சல் '0.1 டெசிபெல்'தான் என்று ஒட்டியிருக்கும் லேபலையும் பெரிதாக நம்ப வேண்டாம்.

வெயில் நாளில் ரிசீவரின் மெனுவில் 'குவாலிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள், 'ஸ்ட்ரெங்த்' அல்ல. ஒருவர் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக அசைக்க, மற்றவர் எண்ணைச் சொல்லட்டும். உச்சம் வந்ததும் நட்டை இறுக்குங்கள். காற்றில் ஆடும் கம்பத்தில் இந்த வேலை வீண். எல்என்பி மூடியில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்: அங்கே படியும் ஈரம்தான் மூடுபனி டிவிக்குச் செய்யக்கூடிய ஒரே கெடுதல். பொலித்தீன் பை கட்டுவது அந்த ஈரத்தை மடிப்பில் சேர்த்து வைக்கிறது. ஒயர் முனையின் செம்பு பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். தெருவில் யூக்கலிப்டஸ் வளர்ந்து டிஷ்ஷின் பார்வைக்குக் குறுக்கே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் மழையில் சிக்னல் போனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 போடுங்கள். பரப்பு இரண்டேகால் மடங்கு. அப்போதும் பெருமழையில் பத்து நிமிடம் போகும். அதைத் தடுக்க எந்தக் கடையிலும் சாமான் இல்லை. இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.