ஓபராவில் மின்னணு ஒலியும் மொழிபெயர்ப்பும்

மேலை இசைநாடகமான ஓபராவில் மின்னணுக் கருவிகளின் பங்கு இசையியலாரின் ஆய்வுப்பொருளாகவே கருதப்படுகிறது. அது மொழிபெயர்ப்பாளரையும் தொடும் என்பதற்கு ஜோனதன் ஹார்வியின் 'வாக்னர் ட்ரீம்' தக்க சான்று.

வாக்னர் 1856இல் வரைந்து முடிக்காது விட்ட பௌத்த நாடகத்தை, 1883இல் வெனிஸில் அவர் இறக்கும் தறுவாயில் காணும் காட்சியாக இப்படைப்பு அமைக்கிறது. வாக்னர் வீட்டார் பேசுவர். ஆனந்தர், பிரகிருதி முதலியோர் பாடுவர். 2007இல் லக்சம்பர்க்கில் இது அரங்கேறியது. மின்னணுப் பகுதி பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் உருவானது. இசைக்குழுவின் ஒலியைக் கணிப்பொறி அக்கணமே வாங்கி, உருமாற்றி, அவையோரைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளின் வழியே உலவவிடுகிறது.

மூலப் பாடம் ஆங்கிலம். 2013இல் (ஹார்வி அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்) வெல்ஷ் நேஷனல் ஓபரா இதனை மேடையேற்றியபோது பேச்சு ஜெர்மனிலும், பாடல் ரிச்சர்ட் கோம்பிரிச்சின் மொழிபெயர்ப்பாகப் பாலியிலும் அமைந்தன. பாலிச் சொற்கள் உயிரிலோ மூக்கொலியிலோ முடிவன. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் வல்லொற்று ஈறு அவற்றில் இல்லை. ஆகவே சொல்லின் இறுதியிலும் குரல் நீண்டு, அரங்கில் உலவும் ஒலியோடு கலந்து தேய இடமுண்டு. அசையெண்ணும் அழுத்தமும் ஒத்தால் போதும் என்னும் பழைய அளவுகோல் இத்தகைய மேடைக்குப் போதாது என்றே தோன்றுகிறது. சொல்லின் ஈறும் பெயர்ப்பவர் கணக்கில் சேரவேண்டும்.