தீவக மண்ணும் நாங்கூழும்

நாங்கூழ் என்னும் சொல்லை நம் மாணவரிற் பலர் திருவாசகத்து நீத்தல் விண்ணப்பத்திலேயே முதன்முதற் காண்பர். எறும்புகளிடை அகப்பட்டு வருந்தும் புழுவாய் அஃது அங்கே வருகின்றது. இரங்கத்தக்க உயிராக மணிவாசகர் காட்டிய அதனை உழவுக்கு உற்ற துணையென உலகறியச் செய்தவர் சார்ள்ஸ் டார்வின். தாம் மறைவதற்கு ஓராண்டின் முன், 1881இல், மண்புழுக்களைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடே புகுந்து மேலே வருகின்றது என்பது அவர் கணிப்பு.

அவ்வீர மண் வேறு. நம் தீவக மண் வேறு. நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகளுக்கிடையே கிடப்பது சுண்ணக்கற் பாறைமேற் படிந்த மெல்லிய மண்படையே. இத்தகைய மண்ணிற் பொசுபரசு இருப்பினும், கல்சியத்தோடு பிணைந்து கிடத்தலின், மாவும் மாதுளையும் தேசியும் அதனை எளிதிற் பெறா. பெட்டகத்திற் பொருளிருந்தும் திறவுகோல் இல்லாதவன் நிலை அது.

திறவுகோல் நுண்ணங்கிகளிடம் உள்ளது. ஆயின், உணவும் ஈரமும் இன்மையால் அவற்றுட் பெரும்பாலன உறங்கிக் கிடக்கின்றன. புழு உக்கிய இலையையும் மண்ணையும் சேர விழுங்குகின்றது. அதன் குடலிற் சுரக்கும் சளி பற்றீரியாக்களுக்கு எளிய உணவாகின்றது. உறங்கியவை விழித்துப் பெருகி, புழு தனித்துச் சமிக்கவியலாத இலைப்பொருளைச் சிதைக்கின்றன. வெளிவரும் எச்சத்தில், வேர் கொள்ளத்தக்க நைதரசனும் பொசுபரசும் சுற்றியுள்ள மண்ணினும் மிக்கிருக்கும். புழு சென்ற வழியெல்லாம் காற்றும் நீரும் செல்லும். அவ்வழியின் சுவர்களிலும் நுண்ணங்கிகள் செறியும்.

ஆனால் ஒன்று: புழு உணவைப் படைப்பதன்று, பிணைந்ததை அவிழ்ப்பதே. இலை இல்லையேல் அதற்கு வேலையுமில்லை. உரத்தொட்டிப் புழுக்களை விலைக்கு வாங்கி வெறுநிலத்தில் விடுவார் உளர். அவை உக்கும் குப்பையில் வாழும் இனத்தன. கோடை வெய்யிலில் தங்கா. நிலத்துப் புழுக்களோ வறட்சியில் ஆழஞ்சென்று சுருண்டு கிடப்பன. நம் தீவுகளிற் பாறை அருகிலேயே தடுத்தலின், நிழலும் சருகுமே அவற்றிற்குப் புகலிடம். தோலாற் சுவாசிக்கும் உயிராகலின் உவரையும் அவை தாங்கா. கிணற்றை அளவின்றி இறைத்து உவர் ஏறவிட்டவர் புழுவையும் இழப்பர்.

நம் முன்னோர் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தனர்; பட்டி அடைத்தனர். புழுவை நினைத்தோ செய்தனர்? அன்று. ஆயினும் புழு விருந்துண்டது. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து, அவ்வாண்டு முடியுமுன்னரே தடையை நீக்கிற்று. பல்லாண்டு இலை காணாத மண் ஒரு போகத்திற்குள் உயிர்பெறும் என எண்ணியதே அங்கு நேர்ந்த பிழை என்பது என் கருத்து. மறுபுறம், அளவு மிஞ்சிய யூரியாவும் சுண்ணக்கல்லின் துளைகளூடே கிணற்றைச் சேர்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்டதே. உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதக்கும் நன்னீரை நம்பி வாழும் தீவகத்தார்க்கு இது சிறிய செய்தியன்று.

மார்கழியில் மழை ஓய்ந்தவொரு காலையில், வளவிலுள்ள மாமரத்தடிச் சருகை மெல்ல நீக்கிப் பாருங்கள். சிறுசிறு மண் உருண்டைகள் குவிந்திருப்பின் சருகை முன்போல மூடிவிடுக. இல்லையேல், அங்கே சருகு கூட்டி எரிப்பதை நிறுத்தி, கிடைத்த குழையைப் பரப்பி, அடுத்த மாரியில் மீண்டும் பார்க்க.