ஆற்றுக்கு எல்லைக்கல் எங்கே?

குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கட்டியவர்கள் தாமிரபரணியை அறிந்தவர்கள். கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோல இருக்கும். தண்ணீர் ஏறினால் உற்சவர் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்; வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கோயில் முங்கியதில் புதுமை இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனும் சிந்துபூந்துறையும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் முங்கியதைத்தான் பேச வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை என்பது அசுர மழைதான். ஆனால் 1992 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தண்ணீர் எதுவரை வரும் என்று அவர்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

கேட்கச் சொல்லும் சட்டம்தான் இல்லை. வெள்ளச் சமவெளியை வரையறுக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது 1975-ல். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலேதான் மருத்துவமனையும் மின்நிலையமும். இருபத்தைந்தாண்டு வெள்ளத்துக்கு மேலே வீடும் அரசு அலுவலகமும். அதற்கும் கீழே பூங்கா, விளையாட்டு மைதானம். எவ்வளவு எளிய கணக்கு! மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட், பழைய ஜம்மு காஷ்மீர் என ஒருசில மாநிலங்களே சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2007-ல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஏரி குளங்களுக்கானது. ஆற்றின் வெள்ளவெளிக்குத் தனிச் சட்டம் இல்லை.

அமெரிக்கா 1968-லேயே கட்டுப்பாட்டையும் காப்பீட்டையும் ஒரே முடிச்சில் போட்டது: வெள்ளவெளியில் கட்டடக் கட்டுப்பாட்டை ஏற்கும் ஊருக்குத்தான் அரசின் வெள்ளக் காப்பீடு. அந்தத் திட்டம் இன்று பெருங்கடனில் இருக்கிறது. முடிச்சு என்னவோ சரியான முடிச்சு.

இங்கே வெள்ளத்துக்கென்று தேசியக் காப்பீட்டுத் திட்டம் கிடையாது. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டு பாலிசி இருக்கிறது. வெள்ளச் சேதமும் அதில் சேர்த்தி. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே கிடைக்கும். எங்கள் தெருவில் இதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பைக் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. “இன்சூரன்ஸ் இருக்குல்லா அண்ணாச்சி?” என்றேன். “இருக்கு. ஆனா அது தேர்ட் பார்ட்டியாம்லா. நம்ம வண்டிக்கு ஒண்ணும் கெடையாதாம்,” என்றார். ரேஷன் கார்டுக்கு வந்த 6,000 ரூபாய் நிவாரணம் அந்த வாரத்துக்கு உயிர் கொடுத்தது, மறுக்கவில்லை. ஃபிரிட்ஜ், மெத்தை, கடைச் சரக்கு எல்லாம் போனவர் அதை வைத்து எதை மீட்பார்?

பாலிசியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் முன்னால், பாபநாசம் தொட்டு புன்னைக்காயல் வரை 1992, 2023 மட்டங்களைக் குறித்துக் கல் நட வேண்டும். வீட்டு பிளான் அப்ரூவலுக்கு அந்தக் கல்லே கணக்கு ஆக வேண்டும்.

அண்ணாச்சி வீட்டுச் சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. மகள் கல்யாணத்துக்கு பெயின்ட் அடித்ததில் அது மறைந்துவிட்டது. அதுவரை யாரும் டேப்போடு வந்து அதை அளந்துகொண்டு போகவில்லை.