தார் வீதியும் கிரவல் வீதியும்: எந்த மோட்டார்ச் சைக்கிளை வாங்குவது?

‘ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்’ என்று உறுதியற்றவரை நம்மவர் எள்ளுவதுண்டு. ஆனால், ஆற்றிலும் சேற்றிலும் கால் வைத்தே ஆகவேண்டிய தொழிலையுடையவர் என்ன செய்வார்? சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வீட்டுக்கு வந்து இக்கேள்வியையே நம்முன் வைத்தார்.

அவருக்கு வவுனியாவிலே உத்தியோகம். குளங்களையும் வாய்க்கால்களையும் பார்வையிடும் பொருட்டு வேலை நாள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடவேண்டும். அதிற் பாதி தார் வீதி. மறுபாதி குளக்கட்டும் கிரவல் பாதையும். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஏ-9 வீதியால் யாழ்ப்பாணத்திலுள்ள வீட்டுக்கும் வந்து திரும்புவார். “சேர், இருவகை வீதிக்கும் ஏற்றதாக ஒன்று வாங்கவேண்டும். கடன் எடுக்கத்தான் போகிறேன்; தவறான வண்டியை வாங்கிவிட்டால் ஐந்து வருடம் அழவேண்டும்” என்றார். தாயார் ஒன்றும் பேசாதிருந்தார்.

இருவகை வீதிக்கும் ஒரே வண்டி என்னும் எண்ணம் புதியதன்று. 1980ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ‘ஆர் 80 ஜி/எஸ்’ என்னும் மோட்டார்ச் சைக்கிளை வெளியிட்டது. ‘ஜி’ என்பது கரடுமுரடான நிலத்தையும், ‘எஸ்’ என்பது வீதியையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள். 50 குதிரைவலுவுடைய அவ்வண்டியின் வழிவந்த பந்தய வண்டியிலே, 1981ஆம் ஆண்டுப் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில், பிரான்சு நாட்டவரான உபேர் ஓரியோல் சகாரா மணலைக் கடந்து முதலிடம் பெற்றார். அதன் பின்னர் ஏனைய நிறுவனங்களும் இத்துறையில் முனைந்தன. எனினும், பந்தயத்திற்கெனச் செப்பனிடப்பட்ட வண்டி வேறு, கடையில் நமக்குக் கிடைக்கும் வண்டி வேறு என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

இவ்வகை வண்டியை ஆராய்வோர் முதலில் நோக்கவேண்டியது முன்சில்லையேயாம். 21 அங்குலச் சில்லு கல்லின் மீதும் குழியின் மீதும் எளிதாக ஏறி இறங்கும். ஆயின், தார் வீதியின் வளைவிலே சற்று மந்தமாகத் திரும்பும். 17 அங்குலச் சில்லு விரைந்து திரும்பும். ஆனால், குழியில் ‘தொம்’மென்று விழும். 19 அங்குலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கம்பிச் சில்லு அடிபட்டால் பெரும்பாலும் நெளியும், நெளிவை நிமிர்த்தலாம். அலோய்ச் சில்லு பலத்த அடியில் வெடித்தால் மாற்றியே தீரவேண்டும். மறுபுறம், கம்பிச் சில்லுகள் பெரும்பாலும் ரியூப் உடையவை. முள்ளுக் குத்தினால் சில்லைக் கழற்றி ஒட்டுப் போடவேண்டும். ரியூப் இல்லாத ரயருக்கோ வழியிலேயே அடைப்பு வைத்து, காற்றடித்துப் புறப்பட்டுவிடலாம். எந்நலத்துக்கும் ஒரு விலையுண்டு.

அடுத்தது, இயந்திரத்தின் அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உயரம். இது மிகுந்தால் கல் இடிக்காது. ஆனால், வண்டி உயர உயர ஆசனமும் உயரும். சேற்றில் வண்டி சறுக்கும்போது இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றாவிடின், விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, பாரம். இதனை நாம் நூலிற் படித்து அறிந்தோமில்லை. மணலில் விழுந்து அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பெரிய மோட்டார்ச் சைக்கிளை இரவல் வாங்கி மணற்காட்டுப் பக்கம் சென்றோம். தார் முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் முன்சில்லு புதைந்தது, நாமும் சரிந்தோம். காயமில்லை. ஆயினும், கிடந்த வண்டியை நிமிர்த்த நம்மால் முடியவில்லை. அரைமணி நேரங் கழித்து அவ்வழியே வந்த மீனவர் இருவர் சிரித்துக்கொண்டே தூக்கித் தந்தனர். அன்று அவர்கள் வந்தார்கள். மாலை வேளையில் குளக்கட்டுக்கு யார் வருவார்?

மாணவர் இரண்டு வண்டிகளை மனத்திற் கொண்டிருந்தார். ஒன்று, 2016ஆம் ஆண்டில் அறிமுகமான ரோயல் என்பீல்ட் ஹிமாலயன், 411 சி.சி. கொண்டது, பாவித்த வண்டி. மற்றையது, 2019ஆம் ஆண்டில் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. இரண்டுக்கும் முன்சில்லு 21 அங்குலம். நிலத்திலிருந்து உயரம் 220 மில்லிமீற்றர். ஹிமாலயனின் ஆசனம் 800 மில்லிமீற்றர் உயரத்திலும், எக்ஸ்பல்ஸின் ஆசனம் 823 மில்லிமீற்றர் உயரத்திலும் உள்ளன. வலுவிலோ முன்னையது ஏறத்தாழ 24 குதிரைவலு, பின்னையது 18. நெடுவழியில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு களைப்பின்றிச் செல்ல ஹிமாலயனே சிறந்தது; அதன் தாங்கி 15 லீற்றர் பெற்றோலும் கொள்ளும். ஆனால், அதன் பாரம் ஏறத்தாழ 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவுக்கும் குறைவு. ஏறத்தாழ 40 கிலோ வேறுபாடு என்பது ஒரு சாக்கு நெல்லை ஒத்தது. பெரும்பாலும் தார் வீதியிலேயே ஓடுவோருக்கோ, 19 அங்குல முன்சில்லும் ரியூப் இல்லா ரயரும் உடைய சுசுக்கி வி-ஸ்ட்ரோம் 250 எஸ்.எக்ஸ். போன்ற மூன்றாவது வகை பொருந்தும்.

பழுது பார்க்கும் வசதியையும் எண்ணினோம். 1990களின் முற்பகுதியில், பெற்றோல் அரிதாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தவர் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியதைச் சிறுவராயிருந்த நாம் கண்டோம். அன்று அவை ஓடியதற்குக் காரணம், ஊர்த் திருத்துநரின் கைக்கு அடங்கிய எளிய இயந்திரங்களாக அவை இருந்தமையே. உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், யார் பூட்டுவார் என்று கேளாமல் எந்த வண்டியையும் வாங்குதல் கூடாது.

பின்னர்க் கணக்குப் பார்த்தோம். இரு வாரங்களில் வேலைக்காக 400 கிலோமீற்றர். அதில் கிரவல் 200. வீட்டுப் பயணம் போகவர ஏறத்தாழ 280, முழுவதும் தார். ஆகத் தார் 480, கிரவல் 200. “அப்படியானால் பெரியதுதான் சரி, சேர்” என்றார் மாணவர். கணக்கின்படி அதுவும் நியாயமாகவே தோன்றிற்று.

அப்பொழுதுதான் தாயார் வாய் திறந்தார்: “மாஸ்ரர், அந்த 280ஐ இவர் மோட்டார்ச் சைக்கிளில் ஏன் ஓடவேண்டும்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, இருட்டில், மாடுகள் படுத்திருக்கும் வீதியால் வருகிறார். வந்து படலையைத் திறக்கும் வரை நான் சாப்பிடுவதில்லை. பஸ் இருக்கிறதுதானே, தம்பி?”

மாணவர் தலை குனிந்தார். நாமும் சற்று வெட்கினோம். சில்லையும் பாரத்தையும் அளந்த நாம், அப்பயணம் வேண்டியதுதானா என்று கேட்க மறந்துவிட்டோம். 280ஐக் கழித்தால் எஞ்சுவது பாதிக்குப் பாதி. ஆபத்தும் தாமதமும் கிரவலிலேயே மிகுதி. “தம்பி, இரண்டையும் புல்தரையிலே சாய்த்துவிட்டு, நீரே தனியாகத் தூக்கிப் பாரும், பின்னர் முடிவு செய்யும்” என்று கூறி அனுப்பினோம்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். பெரியதை ஒருமுறை தூக்கினாராம். இரண்டாம் முறை முடியவில்லையாம். சிறியதை மூன்று முறை தூக்கினாராம். சிறியதையே வாங்கியுள்ளார். கடனும் குறைந்தது, மிச்சத்தில் நல்ல தலைக்கவசமும், கணுக்காலை மூடும் சப்பாத்தும் வாங்கியிருக்கிறார்.

வாசகர்களே, வண்டி தெரிவதற்கு முன் உங்கள் வீதியைத் தெரியுங்கள். என்றோ ஒருநாள் போக எண்ணும் மலைப்பாதைக்காக அன்றி, நாளைக் காலை போகவேண்டிய பாதைக்காக வாங்குங்கள். வீட்டில் காத்திருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் நம் மாணவர் இப்பொழுது பஸ்ஸில் வருகிறார். தாயாரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.