புட்டியின் அடியில் 24

காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களின் வரவேற்பறை அலமாரியில், ஈபிள் கோபுரப் பொம்மைக்கும் பேரப்பிள்ளைகள் படத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பூவேலைக் கண்ணாடிப் புட்டி நிற்கும். எங்கள் பெரியப்பா வீட்டிலும் நின்றது. அன்னக்கழுத்து, முறுக்கிய கைப்பிடி, மூடியில் கிள்ளி வைத்தாற்போல் இலைகள். “இத்தாலி வேலைப்பாடுடா, பாரீஸ்லேர்ந்து வந்தது” என்பார். உள்ளே பிராந்தி. எப்போது ஊற்றியது என்று அவருக்கே நினைவில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கிடைக்கும்.

ஒருமுறை துடைக்க எடுத்தபோது அடியில் பாதி கிழிந்த லேபிளைப் பார்த்தேன். ‘24%’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியப்பா அதைத் தங்கத்தின் காரட் போல நினைத்திருந்தார். அது காரீயக் கணக்கு. 1969-இல் வந்த ஐரோப்பிய விதிப்படி, 24 சதவீதமாவது காரீய ஆக்சைடு கலந்திருந்தால்தான் கண்ணாடியை ‘லெட் கிரிஸ்டல்’ என்று விற்கலாம். 30 சதவீதம் இருந்தால் அதற்கும் மேல்தரம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வடிவத்தின் தாய்வீடான வெனிஸில் தெளிந்த கண்ணாடிக்குக் காரீயம் சேர்க்கவில்லை. தீ விபத்துக்குப் பயந்து வெனிஸ் நகரம் தன் கண்ணாடி உலைகளை 1291-இல் முரானோ தீவுக்கு மாற்றியது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே அஞ்ஜெலோ பரோவியேர் பெயர்பெறச் செய்த ‘கிறிஸ்டல்லோ’ என்ற தெளிந்த கண்ணாடிக்குக் கூழாங்கல் பொடியும் கடலோரச் செடிகளின் சாம்பலும்தான் முதல். அதைப்போலவே செய்யப் பார்த்த லண்டன்காரர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை வாங்கினார். அவர் செய்தவை நாளடைவில் நுண்விரிசல் விட்டன. அதைச் சரிசெய்யத்தான் காரீயம் சேர்த்தார். கனமும் பளபளப்பும், சுண்டினால் மணி அடிக்கும் ஓசையும் கூடவே வந்தன. வெனிஸை வேறு கையால் செய்து பார்த்ததில் நுழைந்த சரக்கு இது. நம் காலத்தில் வெனிஸ் பாணியைத் தொட்ட அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹூலியும் 1988-இல் முரானோ கலைஞர் லினோ தாலியாபியெத்ராவோடு சேர்ந்து ‘வெனீஷியன்ஸ்’ என்ற கண்ணாடிக் கலைப்பொருள் வரிசையைத் தொடங்கினார். ஆனால் அவற்றில் யாரும் மது ஊற்றப் போவதில்லை.

நம் அலமாரிப் புட்டியில் ஊற்றுகிறோம். 1991-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் அளந்தது. லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் காரீயம் இருந்த போர்ட் ஒயினைக் கிரிஸ்டல் புட்டியில் வைத்தார்கள். நான்கே மாதத்தில் அது 3,500-ஐத் தாண்டியது. ஐந்து ஆண்டுக்கு மேல் கிடந்த பிராந்தியில் அளவு 20,000-ஐ ஒட்டி இருந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு அனுமதி 10 மைக்ரோகிராம்.

காரீயம் கரைந்தால் நிறம் மாறாது, வாடை வராது. புளிப்பு ஏற ஏற அது கண்ணாடியை விட்டு வேகமாக இறங்கும். ஆகவே குடிக்காத வீடுகளுக்கும் இது பொருந்தும். எலுமிச்சை ஊறுகாயை அழகுக்காக இப்படிப்பட்ட ஜாடியில் மாதக்கணக்கில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

“ஈயச் சொம்பில் ரசம் வைக்கவில்லையா?” என்பார்கள். அது வெள்ளீயம். தமிழில் இரண்டுக்கும் பின்பாதி ஒன்றாகிப் போனதால் வரும் குழப்பம் இது. சொம்பு விற்கிறவர் காரீயம் கலந்திருந்தால் அதுவும் ஆபத்துதான்.

வண்ணப் பூவேலையும் தனிக் கவலை. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டர்னர் 2017-இல் 72 அலங்காரக் கண்ணாடிக் கோப்பைகளைச் சோதித்தார். 197 அளவீடுகளில் 139-இல் காரீயமும் 134-இல் காட்மியமும் கிடைத்தன. சிலவற்றில் உதடு படும் விளிம்பிலேயே வண்ணம் பூசியிருந்தது. ‘முரானோ பாணி’ என்று எழுதி விற்பது வடிவத்தைத்தான் சொல்கிறது. கண்ணாடி எதனால் ஆனது என்பதற்கு அது சாட்சியாகாது.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. பெரியவர்களின் எலும்பில் அது பல்லாண்டு தங்கி, கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்குள் வருகிறது. கிரிஸ்டல் கோப்பையில் ஊற்றிச் சற்றுநேரத்தில் குடித்து முடிப்பது சிறிய ஆபத்து. ஊற்றிச் சேமித்து வைப்பதுதான் பெரியது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கோப்பையும் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்ட பெரியம்மா பிராந்தியைச் சாக்கடையில் கொட்டினார், பெரியப்பா முகத்தைப் பார்க்காமலே. புட்டியில் இப்போது பிளாஸ்டிக் ரோஜா. வினிகர் ஊற்றி ஊறவைத்தால் காரீயம் போய்விடுமா என்று வீட்டில் கேட்டார்கள். மேற்பரப்பில் இருப்பது கொஞ்சம் போகும். ஏறக்குறைய கால் பங்கு காரீய ஆக்சைடாக இருக்கும் கண்ணாடியில் அடுத்த முறை ஊற்றுவதற்கு நிறையவே மிச்சம் இருக்கும்.