காரில் குளிர் குறைந்தால் வாயு நிரப்பினால் போதுமா?

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் செம்மண் புழுதி புதிதல்ல. குலை ஏற்றிய லோரி முன்னே போனால், பின்னால் வரும் காரின் கண்ணாடி சிவந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம். அதே புழுதி 'ஏர்கோனுக்குள்' போவதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர் குறைந்த பிறகுதான் பட்டறை நினைவுக்கு வருகிறது. அங்கே பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, "கேஸ் முடிஞ்சிருச்சு, அடிச்சிடலாம்" என்பதுதான்.

பெட்ரோல் முடிவதுபோல் இந்த வாயு முடிவதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றில் கலக்க, வாயு திரவமாகிறது. பிறகு ஒரு சிறு வால்வு வழியாக, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் கோயிலுக்குள் பாய்ந்து ஆவியாகும்போது, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதில் எதுவும் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசியலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது, அடியில் துவாரமுள்ள வாளியில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். அதைவிடப் பெரிய நட்டமும் உண்டு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் இந்த வாயுவோடு கலந்தே சுற்றுகிறது. வாயு குறைந்தால் எண்ணெயும் போய்ச் சேராது. கம்ப்ரசர் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். சில வெள்ளியில் முடிய வேண்டிய ரப்பர் வளையம், பல நூறு வெள்ளிச் செலவாக மாறுவது இப்படித்தான். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தென்பட்டால் அங்கேதான் கசிவு. அதைச் சரிசெய்து, காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே வாயு நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது பொதுவாக பானெட்டுக்கு அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அதிகம் நிரப்பினாலும் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரியாது.

1990களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ வாயுதான். ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12க்கு மாற்றாக வந்தது இது. ஆனாலும் எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். கசியவிடுவது பணப்பைக்கு மட்டும் கேடல்ல.

வாயு சரியாக இருந்தும் குளிர் வராவிட்டால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, சமிக்ஞை விளக்கில் நின்றதும் சூடானால், மின்விசிறி பழுதாகவோ தகடுகளில் மண் அடைத்தோ இருக்கலாம். எஞ்சின் ஆறிய பின் மெல்லிய நீரால் கழுவினால் போதும். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் கடலோரத்தில் உப்புக் காற்று அலுமினியத்தை அரிப்பதால், அங்குள்ளவர்கள் அடிக்கடி கழுவுவது நல்லது.

கேபின் வடிகட்டியைக் கையேட்டில் உள்ள தூரம்வரை காத்திராமல், புழுதிச் சாலைக்காரர்கள் முன்கூட்டியே மாற்றலாம். பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. புழுதி நேராகக் கோயிலில் போய் அப்பிக்கொள்ளும். ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் புளித்த வாடை வரும். வீடு சேர சில நிமிடங்களுக்கு முன் ஏசி பொத்தானை அணைத்து, காற்றை மட்டும் ஓடவிட்டால் கோயில் காயும். காருக்கு அடியில் நீர் சொட்டுவது இயல்பு. பயணியின் காலடியில் நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இரவு வேலை முடிந்து தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் இளைஞர்கள் சிலர், சாலையோரம் நிறுத்தி, ஏர்கோன் ஓட அப்படியே கண்ணயர்கிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழையும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவருக்கு எழும் வாய்ப்பே கிடைக்காது. அசதியாக இருந்தால் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும்.