பெருவிரலுக்கு ஓர் இருப்பிடம்

எடுத்த படம் கலங்கிப் போனால் நாம் முதலிற் குறைகூறுவது கமராவையே. வில்லை நல்லதன்று, வெளிச்சம் போதவில்லை என்று காரணங் காண்போம். கருவியைப் பிடித்திருந்த கையை நினைப்பவர் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன், எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாவில், ஓய்வுபெறவிருந்த முதிய ஆசிரியர் ஒருவர் தம் மாணவனைத் தழுவிக்கொண்ட கணத்தை நான் படம்பிடித்தேன். மங்கலான மாலை வெளிச்சம். படத்தில் அவர்கள் மட்டுமன்றி, மேசையும் சுவரும்கூட ஒரே திசையில் இழுபட்டிருந்தன. மனிதர் அசைந்தால் மனிதர் மட்டுமே கலங்குவர். சுவரும் கலங்கினால் அசைந்தது எடுத்தவர் கைதான். அந்தக் கணத்தை மறுபடி எடுக்க வழியில்லை.

கையில் நிகழ்வது என்ன? ஷட்டர் பொத்தான் கருவியின் வலப்புற மேல் ஓரத்தில் இருக்கிறது. சுட்டுவிரல் அதனைக் கீழ்நோக்கி அழுத்தும்போது அந்தப் புறம் சற்றே தாழ்கிறது. அதைத் தடுக்க மற்றைய விரல்கள் கருவியை இறுகப் பற்றுகின்றன. இறுக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடுகிறது. பின்புறத்தில் பெருவிரலுக்கு உறுதியான பிடி ஒன்று கிடைத்தால், சுட்டுவிரலுக்கு எதிராக அது நின்று கருவியை நிலைப்படுத்தும். வழவழப்பான தட்டைப் பரப்பிலோ அது வழுக்கிவிடும்.

படச்சுருட் காலத்தில் இப்பிடி தற்செயலாக வாய்த்தது. ஜேர்மனியின் லீற்ஸ் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் லைக்கா கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, சுருளை நகர்த்த ஒரு குமிழையே திருக வேண்டியிருந்தது. 1954இல் வெளிவந்த எம்3 என்னும் லைக்காவில் குமிழுக்குப் பதிலாக ஒரு நெம்பு வந்தது. சுருளை நகர்த்தவே அதனை அமைத்தனர். ஆயினும் படமெடுப்போரின் பெருவிரல் அங்கேயே ஒதுங்கித் தங்கப் பழகிக்கொண்டது. 2006இல் வந்த எம்8 எண்ணியற் கமராவில் சுருளும் இல்லை, நெம்பும் இல்லை. பெருவிரல் தன் இருப்பிடத்தை இழந்தது. 2004இல் எப்சன் நிறுவனம் வெளியிட்ட ஆர்-டி1 என்ற எண்ணியற் கமராவில் ஷட்டரை ஆயத்தப்படுத்தவென நெம்பை வைத்திருந்தார்கள். பழமை விருப்பம் என்று சிலர் நகைத்திருக்கலாம்; விரல் நகைத்திராது.

இக்குறையை நிரப்ப வந்ததே பெருவிரற் பிடி. வளைந்த சிறிய உலோகத் துண்டு அது. அதன் ஒரு முனையைக் கமராவின் மேலுள்ள பிளாஷ் விளக்குப் பொருத்தும் தண்டவாளத்திற் செருகுவர். மறுமுனை பின்புறமாக நீண்டு பெருவிரலைத் தாங்கும். லைக்காவுக்கு மட்டுமன்றி, 2011இல் விற்பனைக்கு வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 போன்ற தட்டையான கருவிகளுக்கும் இத்தகைய பிடிகள் கிடைக்கின்றன. பின்புறத்திற் பெருவிரலுக்கென மேடு அமைந்த பருத்த கமராக்களுக்கு இது வேண்டியதில்லை.

வாங்குமுன் சிலவற்றை எண்ண வேண்டும். தண்டவாளம் நிரம்பிவிடுவதால் பிளாஷ் விளக்கைப் பொருத்த இயலாது. சில பிடிகளின் மேலே மாத்திரம் இன்னொரு தண்டவாளம் உண்டு. வேறொரு மாதிரிக்குச் செய்த பிடி, பின்புறப் பொத்தான்களை மறைத்துவிடக்கூடும். தளர்வாகப் பொருந்துவது சட்டையிலோ பையிலோ மாட்டிக் கழன்று காணாமற் போகும். பிடியை மட்டும் பற்றிக் கருவியைத் தூக்கவுங் கூடாது. அதன் பாரமெல்லாம் சிறு திருகாணிகளின்மீதே விழும்.

பிடி ஒன்றே போதும் என்றும் எண்ணற்க. இடக்கை வில்லையைக் கீழிருந்து தாங்க வேண்டும். முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். 35 மில்லிமீற்றர்ச் சுருட் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 1/50 செக்கனிலும் மெதுவாக எடுக்காதிருப்பது பழைய வழக்கம். பிடி உதவுவது இந்த எல்லையை அண்டிய இடத்திலேதான். நண்பகல் வெயிலில் அதன் பயன் தெரியாது.

நண்பர் ஒருவரிடம் பிடி இருந்தால் இரவல் பெற்றுச் சோதியுங்கள். சுவரிலுள்ள நாட்காட்டியை 1/15 செக்கனில் பிடியுடன் பத்து முறையும், பிடியின்றிப் பத்து முறையும் எடுங்கள். சிற்றெழுத்துகள் எத்தனை படங்களில் வாசிக்கக் கிடக்கின்றன என எண்ணுங்கள். இரு தொகைகளும் ஒன்றாயின், அந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.